தறியோடு பெயர்ந்தவர்கள்: இடைக்காலப் பட்டும் இஸ்லாமிய உலகமும்



பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு பட்டுத் துண்டு இருக்கிறது. சிவந்த தளத்தில் இரண்டு யானைகள் எதிரெதிரே நிற்கின்றன. விளிம்பில் இரட்டைத் திமில் ஒட்டகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. மூலையில் ஒரு சேவல். யானைகளின் காலடியில் கூஃபி எழுத்தில் ஒரு வரி அரபு. அபூ மன்சூர் புக்தகீன் என்ற தளபதிக்கு மதிப்பும் செழிப்பும் உண்டாகட்டும், இறைவன் அவர் வாழ்வை நீட்டிக்கட்டும் என்பது அதன் கருத்து. நீட்டிக்கவில்லை. குராசானில் படைத்தலைவராக இருந்த அந்த மனிதரை 960–961இல் சாமானிட் வம்சத்து அரசர் அப்துல் மலிக் இப்னு நூஹ் கொல்லச் சொல்லிவிட்டார். ஆகவே துணி அதற்கு முன்னால் நெய்யப்பட்டிருக்க வேண்டும். ஒருவரின் சாவை வைத்துத்தான் அவருடைய துணிக்கு வயது சொல்கிறோம்.

இந்தப் பட்டு கிடைத்த இடம் வட பிரான்சில் கடற்கரையை ஒட்டிய சேன்-ஜோஸ் மடாலயம். ஒரு கிறிஸ்தவப் புனிதரின் எலும்புகளை 1134இல் மறுபடி பேழையில் வைத்தபோது இதில்தான் சுற்றி வைத்தார்கள். முதல் சிலுவைப் போருக்குப் போன பிரபு ஒருவரின் வழியாக அது அங்கே வந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. புனிதரைச் சுற்றிய துணியில் யாருக்கான வாழ்த்து இருக்கிறது என்று அந்தத் துறவிகளில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பட்டு என்று தெரியும். அது போதும்.

இந்தத் துணியில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. தளபதியின் பெயர் இருக்கிறது. தறியில் உட்கார்ந்து அந்தப் பெயரை இழை இழையாக நெய்தவர் யார்? இன்று நான் பேச வந்தது அவரைப் பற்றி.

‘பட்டுப் பாதை’ என்று எல்லோரும் சொல்கிறோம். 1877இல் ரிக்தோஃபன் என்ற ஜெர்மானியப் புவியியலாளர் பரப்பிவிட்ட பெயர் அது. கேட்டவுடன் மனத்தில் ஒட்டக வரிசை வருகிறது, சுமை வருகிறது, பேரம் பேசும் வணிகர் வருகிறார். நெசவாளர் வருவதில்லை. எட்டாம் நூற்றாண்டு முதல் பதினான்காம் நூற்றாண்டு வரையான காலத்தைக் கூர்ந்து பார்த்தால், சந்தையில் விலைக்குப் போன பட்டைவிட அரண்மனையில் பரிசாகக் கை மாறிய பட்டும், போரில் கொள்ளை போன பட்டும்தான் நம் கண்ணில் அதிகம் படுகின்றன. அவற்றோடு, பட்டை நெய்யத் தெரிந்த மனிதர்களும் சுமைபோலவே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பட்டு வரலாற்றின் பெரிய திருப்பங்கள் இந்த மூன்றாவது வகை நகர்வில்தான் நடந்தன என்பது என் கட்சி.

முதலில் துணியில் பெயர் ஏன்? இஸ்லாமிய அரசுகளில் இதற்குத் திராஸ் என்று பெயர். வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையில் அரசர் பெயர் சொல்லப்பட வேண்டும், காசில் அவர் பெயர் பொறிக்கப்பட வேண்டும், அரச ஆடையின் கரையில் அவர் பெயர் நெய்யப்பட வேண்டும். மூன்றும் ஆட்சியுரிமையின் அடையாளங்கள். பதினான்காம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் தன் முகத்திமாவில் திராஸுக்குத் தனிப் பகுதியே ஒதுக்கினார். கலீபாவுக்கென்று தனி நெசவுக்கூடங்கள் இருந்தன. எகிப்தில் நைல் கழிமுகத்துத் தின்னீஸ், தமியத்தா போன்ற ஊர்களில் மெல்லிய லினன் துணியில் பட்டு இழையால் எழுத்துக் கரை போட்டார்கள். அதிகாரிக்கும் தூதருக்கும் கவிஞருக்கும் அரசர் ஆடை அளிப்பது அன்றைய அரசியலின் அன்றாட வேலை. அதை உடுத்திக்கொண்டு வீதியில் போனால், யாருடைய ஆள் என்று ஊருக்கே தெரிந்துவிடும். கட்சிக்கரை வேட்டி கட்டிய ஊர்க்காரர்களான நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஆண்கள் பட்டு உடுத்துவதை மார்க்கம் தடுக்கிறது. கரையில் சில விரற்கடை அகலம்வரை இருக்கலாம் என்று நபிமொழிகளை வைத்துச் சட்ட அறிஞர்கள் சொன்னார்கள். அந்த அகலத்துக்குள் அடங்கும்படி கரை போட்டவர்களும் உண்டு, தலைமுதல் கால்வரை பட்டில் மூழ்கிய அரசர்களும் உண்டு. நடுவில் தறிக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். பாவு பட்டு, ஊடை பருத்தி. பார்ப்பவர் கண்ணுக்குப் பட்டின் பளபளப்பு. உடலோடு ஒட்டுவது பருத்தி. முல்ஹம் என்ற இந்தத் துணிக்கு மர்வ் நகரம் பேர்போனது. இதே யோசனையின் வழியில் வந்த மஷ்ரூ இன்றும் குஜராத்தில், பாட்டனிலும் மாண்ட்வியிலும், தறியிலிருந்து இறங்குகிறது. சட்டத்தையும் ஆசையையும் ஒரே பாவில் ஏற்றியவர் எந்த மதகுருவும் அல்லர், நெசவாளர்.

இஸ்லாமிய உலகத்துப் பட்டு முழுவதும் சீனாவிலிருந்து வந்தது என்ற எண்ணம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் நிலைமை அப்படி இல்லை. மர்விலும் காஸ்பியன் கடலோரத்துக் குர்கான், தபரிஸ்தான் பகுதிகளிலும் பட்டுப்புழு வளர்த்தார்கள். மேற்கே சிரியா, சிசிலி, ஸ்பெயின் வரை முசுக்கட்டைச் செடி போய்விட்டது. ஸ்பெயினில் அல்மேரியா நகரில் மட்டும் 800 பட்டுத் தறிகள் இருந்ததாகப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அல்-இத்ரீசி என்ற புவியியலாளர் எழுதினார்.

கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக்கூடத்தில் கிடைத்த கெனிசா காகிதங்களைக் கோய்ட்டைன் என்ற அறிஞர் வாழ்நாள் முழுக்கப் படித்தார். பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டு வணிகர்கள் பட்டை ஏறக்குறைய பணமாகவே வைத்திருந்தார்கள் என்பது அவற்றில் தெரிகிறது. கையில் பொன் இல்லாவிட்டால் பட்டால் கடன் தீர்த்தார்கள். அந்தக் காகிதங்களில் எனக்குப் பிடித்தது ஏடனிலிருந்து மலபாருக்குப் போன ஒரு கடிதம். மங்களூரில் வெண்கலப் பட்டறை வைத்திருந்த ஆபிரகாம் பென் யிஜுவுக்கு, ஏடன் வணிகர் ஜோசப் பென் ஆபிரகாம் பட்டு அனுப்புகிறார். மலபாரில் பட்டு நன்றாக விலை போகிறது என்று கேள்விப்பட்டேன், பொன் அனுப்புவதைவிடச் சரக்காக அனுப்புவது மேல் என்று நினைத்தேன் என்பது அவர் கணக்கு. மேற்கிலிருந்து இந்தியாவுக்குப் பட்டு! கிழக்கிலிருந்து மேற்கே மட்டுமே அம்புக்குறி போட்ட நம் பாடப்புத்தக வரைபடத்தை இந்த ஒரு கடிதமே கிழித்துப் போடுகிறது.

இனி மனிதர்களிடம் வருவோம்.

751இல் தலாஸ் ஆற்றங்கரையில் அப்பாசியப் படையும் தாங் சீனப் படையும் மோதின. சீனர்கள் தோற்றார்கள். சிறைப்பட்ட சீனர்கள்தான் காகிதம் செய்யும் கலையைச் சமர்கந்துக்குக் கொடுத்தார்கள் என்ற கதை நமக்கெல்லாம் பாடம். பிற்காலத்தில் தஆலிபி போன்ற அரபு எழுத்தாளர்கள் எழுதிவைத்த கதை அது. அன்று சிறைப்பட்டவர்களில் தூ ஹுவான் என்பவரும் ஒருவர். பத்தாண்டுக்கு மேல் அரபு நிலத்தில் இருந்துவிட்டு 762இல் கடல்வழியாகக் குவாங்சோவுக்குத் திரும்பினார். அவர் எழுதிய நூல் தொலைந்துபோனது. அவருடைய உறவினர் தூ யூ தொகுத்த தோங்தியன் என்ற பெருநூலில் சில பகுதிகள் மட்டும் தப்பின. அந்தப் பகுதிகளில் காகிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நெசவாளர்களைப் பற்றி இருக்கிறது. கூஃபா நகரில் சீனக் கைவினைஞர்கள் வேலை செய்வதைப் பார்த்தேன் என்கிறார். பொன், வெள்ளி வேலைக்காரர்கள், ஓவியர்கள், பட்டு நெசவாளர்கள். நெசவாளர்களின் பெயரையும் சொல்கிறார்: ஹெதோங் பகுதியைச் சேர்ந்த யுவே ஹுவான், லியூ லி.

இந்த இரண்டு பெயர்களுக்காகவே தூ ஹுவானுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். எத்தனையோ ஆயிரம் முழம் பட்டில் அமீர்களின் பெயர்களும் சுல்தான்களின் பட்டங்களும் இருக்கின்றன. நெய்தவர் பெயர் கிடைப்பது அபூர்வம். கிடைத்த இடத்தில் அவர்கள் தாய்மண்ணிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். அதையும் சொந்த ஊர்க்காரர் ஒருவர் பார்த்ததால்தான் எழுத்தில் ஏறியது. அரபு எழுத்தாளர் எவருக்கும் அவர்களின் பெயர் தேவைப்படவில்லை.

அடுத்தது மங்கோலியர் காலம். சற்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது தொடங்கியதே துணி வியாபாரத்தில்தான்.

ஜுவைனி என்ற பாரசீக வரலாற்றாசிரியர் சொல்லும் நிகழ்ச்சி. புகாரா பக்கத்திலிருந்து மூன்று வணிகர்கள் பொற்சரிகைத் துணியும் பருத்தித் துணியும் எடுத்துக்கொண்டு செங்கிஸ் கானிடம் போனார்கள். அவர்களில் பால்சிக் என்பவர் பத்து, இருபது தினாருக்கு வாங்கிய துணிக்கு இரண்டு மூன்று பாலிஷ் பொன் கேட்டார். பாலிஷ் என்றால் பொன் கட்டி. கானுக்குக் கோபம் வந்துவிட்டது. நம்மிடம் இதுவரை துணியே வந்ததில்லை என்று நினைத்தானா இவன் என்று, முந்தைய கான்களின் கருவூலத்தில் இருந்த துணிகளைக் காட்டச் சொன்னார். பால்சிக்கின் சரக்கைப் பறிமுதல் செய்தார். மற்ற இருவரும் புத்திசாலிகள். விலையே சொல்லவில்லை, கானுக்குக் காணிக்கை என்றார்கள். குளிர்ந்துபோன கான் ஒவ்வொரு பொற்துணிக்கும் ஒரு பாலிஷ் பொன் கொடுத்தார், பிறகு பால்சிக்குக்கும் அதே கணக்கில் கொடுத்தார். பேரம் பேசாதவன்தான் அந்தச் சந்தையில் நல்ல வியாபாரி.

இதற்குப் பதில் மரியாதையாகக் கான் 450 முஸ்லிம் வணிகர்களை ஒரு கூட்டமாக மேற்கே அனுப்பினார். 1218இல் அவர்கள் குவாரஸ்ம் எல்லையில் ஓத்ரார் நகரத்தை அடைந்தார்கள். அந்நகர ஆளுநர் ஒற்றர்கள் என்று சொல்லி அவர்களைக் கொன்று சரக்கைப் பிடுங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டு மங்கோலியப் படை வந்தது. புகாரா, சமர்கந்து, மர்வ், ஹெராத் என்று பட்டுக்குப் பேர்போன ஊர்கள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன.

வீழ்ந்த ஊர்களில் கொல்லப்படாமல் பிரித்து வைக்கப்பட்ட ஒரு கூட்டம் இருந்தது. சமர்கந்தில் 30,000 கைவினைஞர்களைத் தேர்ந்தெடுத்துத் தன் பிள்ளைகளுக்கும் உறவினர்களுக்கும் செங்கிஸ் கான் பங்கிட்டார் என்கிறார் ஜுவைனி. குத்துமதிப்பான எண்தான். ஆனால் பங்கிட்டது உண்மை. பங்கின் விளைவு சீனப் பதிவுகளில் இருக்கிறது. ஹெராத்தின் நெசவாளர்கள் இன்றைய சிஞ்சியாங்கில் உள்ள பெஷ்பாலிக்குக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சமர்கந்துக்காரர்கள் சீனப் பெருஞ்சுவரை ஒட்டிய ஓர் ஊரில் குடியேற்றப்பட்டார்கள். வட சீனாவின் ஹோங்சோவில் மேற்கிலிருந்து வந்த பொன்நெசவுக் குடும்பங்கள் 300க்கு மேல், சீனாவின் பழைய தலைநகரான பியன்ஜிங்கிலிருந்து கம்பளி நெசவுக் குடும்பங்கள் 300, இரண்டையும் சின்காய் என்ற அமைச்சரின் பொறுப்பில் ஒரே இடத்தில் வைத்தார்கள் என்று யுவான் அரச வரலாறு எழுதுகிறது. அமெரிக்க வரலாற்றாசிரியர் தாமஸ் ஆல்சன் இந்தத் துணுக்குகளை 1997இல் ஒரு சிறு புத்தகமாகக் கோத்த பிறகுதான், இது தற்செயல் இல்லை, கொள்கை என்று விளங்கியது.

எதிர்த்திசையிலும் போனார்கள். செங்கிஸ் கானைக் காணப் பயணம் செய்த தாவோ துறவி சாங்சுன், போர் முடிந்த சூட்டில் சமர்கந்தில் சீனக் கைவினைஞர்கள் இருப்பதைப் பார்த்தார். ஹெராத்துக்காரர்களில் ஒரு சிறு குழு மட்டும் 1230களில் ஒகதெய் கானின் அனுமதியோடு ஊர் திரும்பி, பாழான நகரத்தை மறுபடி எழுப்ப முனைந்தது. மற்றவர்கள் போன இடத்திலேயே தறி ஊன்றி, பெண் எடுத்து, பெண் கொடுத்துக் கலந்துபோனார்கள்.

இரண்டு மரபுகளை ஒரே கூடத்தில் பூட்டி வைத்தால் என்ன வெளியே வரும் என்பதற்கு, கிளீவ்லண்ட் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பொற்பட்டைப் பாருங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. வட்டங்களுக்குள் சிறகு முளைத்த சிங்கங்கள் இணை இணையாக நிற்கின்றன, வட்டங்களுக்கு இடையில் கழுகுத் தலைச் சிங்கங்கள். வட்டமும் இணை மிருகமும் ஈரானின் பழைய வழக்கம். ஆனால் சிறகின் வளைவில் சீன மேகம் சுருண்டிருக்கிறது. தங்க இழையிலும் இந்தக் கலப்பு உண்டு. நம் காஞ்சிபுரத்துச் சரிகையில் வெள்ளிக் கம்பியைப் பட்டு நூலில் சுற்றி முலாம் பூசுகிறோம். இஸ்லாமிய நாடுகளில் மிருகக் குடலின் மெல்லிய சவ்வில் பொன் பூசி, கீற்றாக வெட்டி, நூலில் சுற்றுவது வழக்கம். சீனர்கள் காகிதத்தில் பொன் ஒட்டிக் கீற்றாக வெட்டிப் பயன்படுத்தினார்கள். மங்கோலியர் காலத் துணிகளில் இரண்டும் வருகின்றன. நெசவு முறையிலும் லாம்பாஸ் என்ற வகை ஓங்கியது. தளத்தை ஒரு பாவு பிடிக்கும், பூவேலையின் ஊடையை இன்னொரு பாவு பிடிக்கும். அதனால் பொன் மேலே நின்று மின்னும். ஜக்கார்டு கருவி இல்லாத காலம். தறிக்கு மேலே ஓர் ஆள் உட்கார்ந்து, கீழிருப்பவர் குரலுக்கு ஏற்றபடி கயிற்றை இழுத்துக் கொடுக்க வேண்டும். அந்த இழுப்பு ஆள் பெரும்பாலும் சிறுவன்.

இவ்வளவு பொற்துணி எதற்கு? நசீஜ் என்ற இந்தப் பொற்பட்டில்தான் மங்கோலியப் பேரரசின் விசுவாசம் அளக்கப்பட்டது. 1246இல் குயுக் கான் தேர்வான விழாவில், முதல் நாள் எல்லோரும் வெள்ளை, இரண்டாம் நாள் சிவப்பு, மூன்றாம் நாள் நீலம், நான்காம் நாள் பொற்பட்டு உடுத்தி வந்ததைப் போப்பின் தூதர் கார்ப்பினி பார்த்தார். குப்ளாய் கான் 12,000 பேருக்கு ஆளுக்குப் பதின்மூன்று உடை கொடுத்ததாக மார்க்கோ போலோ எழுதுகிறார், கூட்டினால் 1,56,000. போலோவின் எண்களை நம்பிக் கடன் கொடுக்கக் கூடாதுதான். பாதியாக வைத்தாலும், அத்தனைக்கும் தறி வேண்டும், தறிக்கு ஆள் வேண்டும்.

இங்கே நம் கடற்கரையும் வந்து சேர்கிறது. ஈரானை ஆண்ட மங்கோலியர்களுக்குச் சீனாவில் வம்சப் பங்காக வருமானம் இருந்தது. பல ஆண்டுகள் வசூலாகாமல் கிடந்தது. 1297 வாக்கில் அவர்களின் அரசர் கஸான் கான், ஃபக்ருத்தீன் அகமது என்பவரைத் தூதராகச் சீனாவுக்குக் கப்பலில் அனுப்பினார். வணிக முதலாகக் கருவூலத்திலிருந்து பத்துத் தூமான், அதாவது ஒரு லட்சம் தினார், பொன்னும் கொடுத்தார். இந்த ஃபக்ருத்தீன் யார்? கீஷ் தீவின் குதிரை வணிகப் பெருமுதலாளி ஜமாலுத்தீனின் மகன். இவருடைய சிற்றப்பா தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான்தான் பாண்டிய நாட்டில் காயல் உள்ளிட்ட துறைமுகங்களைப் பார்த்துக்கொண்டவர், பாண்டியருக்கு அமைச்சராகவும் இருந்தவர். யுவான் பேரரசர் தெமூர் பாக்கி வருமானத்தைக் கொடுக்க ஆணையிட்டார். அத்தனையும் விலையுயர்ந்த பட்டாகக் கொடுக்கப்பட்டது. பட்டோடு திரும்பும் வழியில், மாபர் என்று அரபுகள் அழைத்த நம் கரைக்கு இரண்டு நாள் பயணம் இருக்கும்போது, 1305 வாக்கில் ஃபக்ருத்தீன் இறந்தார். சிற்றப்பாவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். வரியாகவும் வணிகச் சரக்காகவும் தூதுப் பரிசாகவும் ஒரே பட்டு ஒரே கப்பலில் வந்தது. எது எது என்று பிரிக்கப் பார்ப்பது நம் காலத்துப் பழக்கம்.

1323இல் ஈரானின் அபூ சயீதுக்கும் எகிப்தின் மம்லூக் சுல்தான் அல்-நாசிருக்கும் சமாதானம் உண்டானது. அபூ சயீத் அனுப்பிய பரிசில், சுல்தானின் பட்டங்கள் நெய்யப்பட்ட 700 பட்டுத் துணிகள் இருந்ததாக அக்கால வரலாற்றாசிரியர் அபுல் ஃபிதா எழுதினார். அறுபது ஆண்டு பகைவனின் பெயரைத் தன் நாட்டுத் தறியில் ஏற்றி அனுப்புவதைவிடத் தெளிவான ராஜதந்திரம் இல்லை. பால்டிக் கரையில் டான்சிக் நகரத்து மரியா கோயிலின் பூசாரி உடைகளில் இப்படி ஒரு துணி தப்பியது. கறுப்புப் பட்டில் பொன் கிளிகள், நடுவே சீன நாகங்கள், கிளியின் சிறகில் அல்-நாசிரின் பெயர். அது சீனாவா, மத்திய ஆசியாவா, ஈரானா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒற்றைப் பதில் தேடுவதே வீண் என்று எனக்குப் படுகிறது. கிளி ஓர் ஊர், நாகம் ஓர் ஊர், எழுத்து ஓர் ஊர். நெய்த கைகளின் பாட்டனார் வேறோர் ஊரிலிருந்து பிடித்து வரப்பட்டவராக இருக்கலாம்.

அறிஞர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். பெல்ஜியத்தில் ஹுய் நகரத் தேவாலயத்தில் ஒரு பட்டு இருக்கிறது. அதன் பின்புறத்தில் மையால் ஒரு குறிப்பு. 1959இல் அதைப் பழைய மத்திய ஆசிய மொழியான சோக்தியம் என்று படித்து, புகாரா அருகே சந்தனா கிராமத்துத் துணி என்று முடிவு கட்டினார்கள். அதை அடித்தளமாக வைத்து உலகெங்கும் உள்ள எத்தனையோ பட்டுகளுக்கு அந்தக் கிராமத்தின் பெயர் சூட்டப்பட்டது. 2008இல் இரண்டு அறிஞர்கள் மறுபடி பார்த்தார்கள். அது அரபு. அப்துர் ரஹ்மான் என்ற தளபதியின் சொத்து என்றும், 38 தினாருக்குச் சற்றுக் குறைந்த விலை என்றும் இருந்தது. அந்தக் கிராமம் உண்மையில் பருத்திக்குப் பேர்போனது என்று புகாராவின் வரலாற்றாசிரியர் நர்ஷகி பத்தாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருந்தார். அரை நூற்றாண்டு அடையாளச் சீட்டுகளை அருங்காட்சியகங்கள் மாற்ற வேண்டியதாயிற்று.

அபூ சயீத் 1335இல் இறந்தார். அவரோடு அந்த அரசும் சிதறியது. முப்பது ஆண்டு கழித்து, 1365இல், ஆஸ்திரியப் பிரபு நான்காம் ருடால்ஃப் மிலான் நகரில் இறந்தபோது அவர் உடலை ஒரு பொற்பட்டில் பொதிந்து வியன்னாவுக்குக் கொண்டுபோனார்கள். அதன் கரையில் இருந்தது அபூ சயீதின் பெயர். இன்றும் வியன்னாவில் இருக்கிறது. அரசு போனாலும் துணிக்கு மதிப்புப் போகவில்லை. அதற்குள் இத்தாலியில் லூக்கா நகரத் தறிகள் இந்தத் ‘தாத்தாரியப் பட்டை’ப் பார்த்துப் பார்த்து நெய்யத் தொடங்கிவிட்டன. காஸ்பியன் கரைக் கச்சாப் பட்டை ஜெனோவாக்காரர்கள் தப்ரீஸ் வழியாக அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1314இல் லூக்கா சூறையாடப்பட்டது. அதன் நெசவாளர்கள் வெனிஸுக்கும் ஃபுளோரன்ஸுக்கும் போலோன்யாவுக்கும் பெயர்ந்தார்கள். அந்த ஊர்களின் பட்டுத் தொழில் அவர்களால் பெருகியது.

அந்தக் கதைக்குள் போனால் இன்னொரு மாலை வேண்டும். தறி வேலை தெரிந்தவர்கள் சிலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். லாம்பாஸ் பற்றி நான் சொன்னதில் திருத்தம் இருந்தால் முதலில் நீங்கள் பேசுங்கள். மற்றக் கேள்விகளைப் பிறகு எடுத்துக்கொள்வோம்.